கடைசி நாள் கெஜட்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு வீதி இருக்கிறது. புதிதாகக் குடிவந்த மனிதர் யாராவது அந்தப் பெயரை நம்பி, ஏரிக்கரையில் சற்று உலாவி வரலாம் என்று மாலை வேளையில் புறப்பட்டால், அவர் கண்ணுக்குக் கடைகளும் ஆட்டோ ரிக்ஷாக்களும் தென்படுமே தவிர, ஏரி தென்படாது. ஒரு காலத்தில் ஏரி இருந்தது வாஸ்தவந்தான். 1920-களில் தியாகராய நகரை நிர்மாணிப்பதற்காக அந்த நீண்ட ஏரியைத் தூர்த்து மனைகளாக்கினார்கள். ஏரி போயிற்று, ஏரியைப் பார்க்கும் வீதி மட்டும் இருக்கிறது. ஏரியோடு கொசுவும் போயிருந்தால் நியாயமாயிருக்கும். ஆனால் கொசுக்கள் நியாயம் பார்ப்பதில்லை.

இந்தப் பேட்டையில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. கோட்டையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, முப்பத்தைந்து வருஷம் காகிதத்தோடு மல்லுக்கு நின்று, ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் காலையில் தினசரிப் பத்திரிகை படிப்பதுபோல் அவர் சர்க்கார் கெஜட்டைப் படிக்கிறவர். சென்ற வாரம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்:

"ஸார், தேர்தல் வருகிற வருஷத்தில் பிரசங்கங்களைப் படித்துப் பிரயோஜனமில்லை. தேர்தல் கமிஷன் தேதியை வெளியிடுவதற்கு முந்தின வாரத்துக் கெஜட்டைப் படிக்க வேண்டும். ராஜ்யம் நடப்பது அதிலேதான்."

உள்ளேயிருந்து மாமி காப்பியுடன் வந்தார். அவர் மனத்திலிருந்ததோ வேறு கெஜட். மாடியில் குடியிருந்தவர் போன மாதம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனாராம். போவதற்கு முதல் நாள் ராத்திரி வரையில் சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டதாம்.

"காலி பண்ணுகிற மனுஷருக்குக் கடைசி நாளில் ஆணி எதற்கு? எண்ணிப் பார்த்தேன், பதினேழு ஆணி! இனி யாரிடம் போய்க் கேட்பது?" என்றார் மாமி.

அரசியல் நிபுணர்கள் தடித்த புஸ்தகங்களில் விசாரித்திருக்கும் விஷயத்தை மாமி காப்பி ஆறுவதற்குள் சொல்லிவிட்டார். பதவிக் காலம் முடியப்போகிற ஒரு சர்க்கார் கடைசி நாட்களில் சுவரில் அடித்துவிட்டுப் போகும் ஆணிகளை யார் கேட்பது? ஜனங்களின் பிரதிநிதிகள் அடங்கிய சபை கேட்க முடியுமா? முடியுமென்று சட்டப் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது. அது எவ்வளவு தூரம் மெய் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

சபை கலைந்த பிறகு சர்க்கார் என்று ஒன்று இருக்கலாமா என்பதே முதல் கேள்வி. இந்தக் கேள்வியைக் கோர்ட்டுப் படி ஏற்றிய பெருமை நமது சென்னைக்கு உண்டு. 1970 டிசம்பர் 27-ந் தேதி லோக சபை கலைக்கப்பட்டது. ஸ்ரீமதி இந்திரா காந்தி பிரதம மந்திரியாகத் தொடர்ந்து இருந்தார். மந்திரிசபை லோக சபைக்குப் பொறுப்பானது என்று அரசியல் சட்டம் சொல்லுகிறதே, சபையே இல்லாதபோது யாருக்குப் பொறுப்பு, எந்த அதிகாரத்தின்மேல் இந்த அம்மாள் உத்தியோகம் வகிக்கிறார் என்று யு. என். ஆர். ராவ் என்பவர் சென்னை ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார். அங்கே தோற்று, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1971-ல் அங்கேயும் தோற்றார். ராஷ்டிரபதி மந்திரிகளின் யோசனையின்றி ஒரு காரியமும் செய்யக்கூடாது. ஆகையால் மந்திரிகள் இல்லாத ஒரு தினம்கூட இருக்கக்கூடாது. சபை கலைந்தாலும் மந்திரிசபை நீடிக்கும் என்று தீர்ப்பாயிற்று.

தீர்ப்பு சரிதான். வீட்டைக் காலி செய்கிறவரும் கடைசி நாள் வரையில் விளக்கேற்றத்தான் வேண்டும். ஆனால் விளக்கேற்றுவது வேறு, சுவரை இடிப்பது வேறு என்ற வித்தியாசத்தை அரசியல் சட்டம் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. 1979-ல் ஸ்ரீ சரண் சிங் மந்திரிசபை லோக சபையை ஒருநாள்கூட எதிர்கொள்ளாமலே ராஜிநாமாச் செய்து, சபையும் கலைக்கப்பட்டபோது, ராஷ்டிரபதி ஸ்ரீ சஞ்சீவ ரெட்டி ஒரு காரியம் செய்தார். புதிய கொள்கைகளை ஏற்படுத்தக்கூடிய முடிவுகளையும், பெருஞ் செலவு வைக்கும் முடிவுகளையும் தேர்தல் வரையில் எடுப்பதில்லை என்று மந்திரிசபையிடம் வாக்குறுதி பெற்று, அதை அறிக்கையிலேயே வெளியிட்டார். அது வாக்குறுதிதான், சட்டமல்ல. தேர்தல் கமிஷனின் நடத்தை விதிகளும் அப்படியே. 1960-ல் கேரளத்தில் கட்சிகளுக்குள் ஏற்பட்ட உடன்பாடாகப் பிறந்து, நாளடைவில் தேசம் முழுவதற்கும் வந்தவை அவை. தேர்தல் தேதி வெளியாகும் நிமிஷத்திலிருந்து மந்திரிகளின் கையைக் கட்டுகின்றன. அதனாலேயே, அந்த நிமிஷத்துக்கு முந்தின வாரத்தில் மந்திரிகளின் கை அவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது!

1996-ம் வருஷம் மார்ச்சு மாதத்தை இங்கே நினைவுகூர வேண்டும். ஸ்ரீ நரசிம்ம ராவ் சர்க்காரின் ஐந்து வருஷம் முடியும் தறுவாய். தேர்தல் வாசலில் நிற்கிறது. அப்போது இரண்டு ஆர்டினன்ஸுகள் கையெழுத்துக்காக ராஷ்டிரபதி மாளிகைக்குப் போயின. கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்த தலித்துகளுக்கும் ஒதுக்கீடு அளிப்பது ஒன்று. தேர்தல் பிரசார காலத்தை மூன்று வாரத்திலிருந்து இரண்டு வாரமாகக் குறைப்பது மற்றொன்று. ராஷ்டிரபதி ஸ்ரீ சங்கர் தயாள் சர்மா இரண்டிலும் கையெழுத்திடவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு யோசனைகளும் கெட்டவை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிரசார காலத்தைக் குறைக்கும் யோசனை அதே வருஷத்தில் புதிய பார்லிமெண்டினால் முறைப்படி சட்டமாகவே நிறைவேறியது. அகாலத்தில் வந்ததுதான் அதன் குற்றம்.

அதே 1996 மார்ச்சு மாதத்தில், 29-ந் தேதியன்று, அமெரிக்காவில் ஜனாதிபதி கிளிண்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். இங்கே ஒரு மனிதரின் பேனா செய்த வேலையை அங்கே ஒரு சட்டம் செய்வதற்கு ஏற்பாடாயிற்று. சர்க்கார் இலாக்காக்கள் செய்யும் ஒவ்வொரு விதியும் காங்கிரஸ் மகாசபைக்கு அனுப்பப்பட வேண்டும். சபை கூடும் 60 நாட்கள் என்ற கணக்குக்குள் இரு சபைகளும் 'இந்த விதி வேண்டாம்' என்று தீர்மானித்து ஜனாதிபதியும் ஒப்பினால் விதி செத்தது. காங்கிரஸ் கூட்டத்தின் கடைசி 60 நாட்களில் வந்த விதியானால், அடுத்து வரும் புதிய சபைக்கு அது முதலிலிருந்து கணக்கிடப்படும். அதாவது, பழைய குடித்தனக்காரர் கடைசியில் அடித்த ஆணியைப் புதுக் குடித்தனக்காரர் வந்து பார்த்துப் பிடுங்கலாம். அப்படிப் பிடுங்கிய இடத்தில் அதே மாதிரி ஆணியை, புதிய சட்டம் ஒன்று அனுமதித்தாலன்றி, மறுபடியும் அடிக்கக்கூடாது.

அமெரிக்காவில் இந்த வியாதி பழையது. 1801-ல் ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் தேர்தலில் தோற்றுப் பதவியை விட்டுப் போவதற்கு முன், தமது கட்சிக்காரர்களுக்கு நீதிபதி உத்தியோக உத்தரவுகளைக் கடைசி ராத்திரி வரையில் கையெழுத்திட்டுத் தள்ளினார் என்று சரித்திரம் கூறும். அவற்றை உரியவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டிய காரியதரிசி ஜான் மார்ஷல். சில உத்தரவுகள் மேஜைமேலேயே தங்கிவிட்டன. உத்தரவு கிடைக்காத மார்பரி என்பவர் வழக்காடினார். 1803-ல் அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிரதம நீதிபதி யார் என்றால், அதே ஜான் மார்ஷல்தான்! சட்டசபை செய்யும் சட்டத்தையே கோர்ட்டு செல்லாதென்று தள்ளலாம் என்ற பெரிய தத்துவம் அந்தத் தீர்ப்பிலிருந்து அந்த நாட்டில் வேரூன்றியது. தபாலில் போகாத ஒரு கடுதாசி இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தது வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது.

1996-ம் வருஷத்துச் சட்டம் முதன்முதல் பிரயோகமானது 2001-ல். தொழிற்சாலைகளிலும் ஆபீசுகளிலும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கை, முதுகு முதலியவை பழுதாகும் தொழிலாளிகளைக் காப்பதற்கு ஒரு விதி. சுமார் பத்து வருஷம் பாடுபட்டுத் தயாரித்தார்கள். வெளியிட்டதோ 2000 நவம்பரில், ஜனாதிபதித் தேர்தல் முடிந்த பிறகு. புதிய ஜனாதிபதி புஷ் வந்தார். 2001 மார்ச்சு 20-ந் தேதி விதி ரத்தாயிற்று. இத்தகைய தீர்மானத்துக்கு அவர்களுடைய செனட் சபையில் பத்து மணி நேரத்துக்கு மேல் விவாதம் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் ஏற்பாடு. பத்து வருஷத்து வேலை, பத்து மணிக்குள் பைசல்! 2017-ல் கட்சி மாறியபோது முதல் சில மாதங்களுக்குள் 14 விதிகள் இவ்விதம் போயின. சபைகளும் ஜனாதிபதியும் ஒரே கட்சியாக வாய்க்கும்போதுதான் இந்தக் கத்தி உறையிலிருந்து வெளிவருகிறது. அதனால் இதை ஆராய்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜயித்தவர் தோற்றவருடைய காகிதங்களைக் கிழித்துப் போடுவது என்றே சொல்லத் தோன்றுகிறது. இருந்தாலும், கிழிப்பதற்காகவாவது ஒருவர் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறார் அல்லவா? நமது தேசத்துக்கு வந்தால் அந்த இடத்தில்தான் சங்கடம்.

நமது பார்லிமெண்டு ஒரு சட்டத்தைச் செய்யும்போது எலும்புக்கூட்டை மட்டும் செய்கிறது. சதையும் ரத்தமும் விதிகள். யார் மனுப் போடலாம், எந்தப் பாரத்தில் எழுதவேண்டும், என்ன ருசு காட்டவேண்டும், எத்தனை நாளில் தீர்ப்பு என்பதையெல்லாம் 'விதிகளால் நிர்ணயிக்கலாம்' என்று சர்க்காருக்கு விட்டுவிடுகிறார்கள். குடும்பஸ்தன் ஒருவன் ஆயுளில் சட்டத்தோடு மோதுவது ஓரிரு தடவை. விதியோடு மோதுவதோ தினந்தோறும். 1929-லேயே இங்கிலாந்தின் பிரதம நீதிபதி ஹீவர்ட் பிரபு, உத்தியோகஸ்தர்களின் இந்த அதிகாரத்தைப் 'புதிய கொடுங்கோன்மை' என்று பெயரிட்டு ஒரு புஸ்தகமே எழுதினார்.

இதற்குப் பரிகாரமாக, ஏறக்குறைய ஒவ்வொரு மத்திய சட்டத்தின் கடைசியிலும் ஒரு ஷரத்து காணப்படும். விதி செய்யப்பட்டதும் இயன்றவரை சீக்கிரமாக இரு சபைகளின் முன்பும், சபை கூடியிருக்கும் 30 நாட்களுக்கு, வைக்கப்பட வேண்டும். இரு சபைகளும் சேர்ந்து திருத்தினாலோ, வேண்டாமென்றாலோ, அன்று முதல் அதன்படி. இதுவரையில் அந்த விதியின்கீழ் நடந்த காரியங்களுக்குப் பாதகமில்லை. இவ்வளவுதான் ஷரத்து. 'பாதகமில்லை' என்ற கடைசி வார்த்தையை வாசகர்கள் சற்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இதைத் தவிர, ஒரு கமிட்டியும் உண்டு. லோக சபையில் 1953 டிசம்பர் முதல் இருந்து வருகிறது, 15 அங்கத்தினர், மந்திரி எவரும் அதில் இருக்கக்கூடாது. ராஜ்ய சபைக்கு 1964 முதல் தனிக் கமிட்டி. விதிகள் சட்டத்தின் எல்லையை மீறுகின்றனவா என்று வரிவரியாகப் பார்ப்பது இவற்றின் வேலை. சட்டத்துக்குச் சம்மதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் விதிகளைச் செய்ய வேண்டும், தாமதமானால் இந்தக் கமிட்டிகளிடம் அவகாசம் கேட்கவேண்டும் என்பதும் சர்க்காரின் சொந்தக் கைப்புத்தகத்தில் உள்ள ஏற்பாடுதான்.

2019-ம் வருஷத்துப் பிரஜா உரிமைத் திருத்தச் சட்டத்துக்கு 2019 டிசம்பர் 12-ந் தேதி ராஷ்டிரபதியின் சம்மதம் கிடைத்தது. அந்தச் சட்டம் நல்லதா, பொல்லாததா என்ற வாதத்துக்குள் இன்று புகவில்லை. பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தானம் என்ற மூன்று தேசங்களிலிருந்து வந்தவர்களுக்கே அது. நமது தமிழ்நாட்டு முகாம்களில் பல ஆண்டுகளாக இருந்துவரும் இலங்கைத் தமிழருக்கு அதில் இடமில்லை என்பதை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டு மேலே போகிறேன். ஆறு மாதம் ஆயிற்று, விதிகள் வரவில்லை. உள்நாட்டு இலாக்கா கமிட்டிகளிடம் அவகாசம் கேட்டது, கொடுத்தார்கள். மறுபடியும் கேட்டது, மறுபடியும் கொடுத்தார்கள். இப்படியே நாலு வருஷம் கழிந்தது. 2024 பிப்ரவரி 10-ந் தேதியோடு பதினேழாவது லோக சபையின் கடைசிக் கூட்டம் முடிந்தது. மார்ச்சு 11-ந் தேதி விதிகள் கெஜட்டில் வெளியாயின! மார்ச்சு 16-ந் தேதி தேர்தல் அறிவிப்பு. மே 15-ந் தேதி டில்லியில் முதல் 14 பேருக்குப் பிரஜா உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. புதிய லோக சபை முதன்முதல் கூடியதோ ஜூன் 24-ந் தேதி. விதிகள் வெளியான நாளிலிருந்து எண்ணினால் 105 நாள்.

விதியைச் சபையின் முன் வைக்கவேண்டும் என்பது சட்டம். வைப்பதற்குச் சபை இல்லை. லோக சபை கலைந்தால் அதன் கமிட்டியும் கலைந்துபோகும். ராஜ்ய சபைக்கு மரணமில்லையென்றாலும் தேர்தல் காலத்தில் அதுவும் கூடுவதில்லை. ஏரியைப் பார்க்கும் வீதியில் ஏரி இல்லாத கதைதான். புதிய சபை கூடி, 30 நாள் கணக்காகி, ஒரு வேளை ஏதாவது திருத்தம் செய்தாலும், அதற்குள் நடந்ததற்குப் 'பாதகமில்லை'. அந்தப் பதினாலு பேரும் தங்கள் பத்திரத்தைப் பத்திரமாகவே வைத்துக்கொள்ளலாம். அதில் எனக்குச் சந்தோஷமே. வருஷக்கணக்கில் காத்திருந்த அகதிக்கு ஒரு தேசம் கிடைப்பது நல்ல காரியம். ஆனால் நாலு வருஷமும் மூன்று மாதமும் சபை இருந்தபோது வராத விதி, சபை எழுந்துபோன முப்பதாம் நாள் வந்ததற்கு என்ன சமாதானம்?

இதை நான் சொன்னபோது என் நண்பர் தலையை ஆட்டினார். "சபை இருந்திருந்தால் மட்டும் என்ன செய்திருக்கும்? கோட்டையில் பார்த்திருக்கிறேன், ஸார். 'இன்னின்ன விதிகளைச் சபையின் முன் வைக்கிறேன்' என்று ஒரு நிமிஷத்தில் கட்டுக்கட்டாக வைப்பார்கள். அதில் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்த அங்கத்தினரை நான் கண்டதில்லை" என்றார்.

அவர் சொல்வதில் நியாயமுண்டு. சபையின் முன் வைப்பதைப் பற்றிக் கோர்ட்டுகளின் பேச்சும் ஒரேமாதிரி இல்லை. 1979-ல் அட்லஸ் சைக்கிள் கம்பெனி வழக்கில், இரும்பு விலைக் கட்டுப்பாட்டு உத்தரவு பார்லிமெண்டின் முன் வைக்கப்படாவிட்டாலும் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் செய்தது. வைக்கவேண்டும் என்பது கட்டாயமல்ல, வழிகாட்டுதலே என்றது. ஆனால் ஆர்டினன்ஸு விஷயத்தில் 2017 ஜனவரி 2-ந் தேதி ஏழு நீதிபதிகள் கூடிக் கட்டாயந்தான் என்றார்கள். அது பீகார் ராஜ்யத்து வழக்கு. 429 சமஸ்கிருதப் பாடசாலைகளை ஆர்டினன்ஸு மூலம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. முதல் ஆர்டினன்ஸு 1989-ல். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஆர்டினன்ஸுகள். ஒன்றுகூடச் சட்டசபையின் முன் வைக்கப்படவில்லை. 1992-ல் கடைசி ஆர்டினன்ஸும் காலாவதியாயிற்று. தாங்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் என்று நம்பிய உபாத்தியாயர்கள் இருபத்தைந்து வருஷம் வழக்காடி, அப்படியல்லவென்று தெரிந்துகொண்டார்கள். ஒரு காகிதத்தை மேஜைமேல் வைக்காததற்கு அந்த உபாத்தியாயர்களின் வீட்டில் எத்தனை கல்யாணம் தள்ளிப்போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

வேறு கட்சியின் ஆணி ஒன்றையும் சொல்லாவிட்டால் என்னைப் பட்சபாதி என்பீர்கள். 2014 மார்ச்சு 4-ந் தேதி, அப்போதைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி சர்க்கார், ஒன்பது ராஜ்யங்களிலுள்ள ஜாட் சமூகத்தாரை மத்தியப் பிற்பட்டோர் ஜாபிதாவில் சேர்த்துக் கெஜட்டில் வெளியிட்டது. பிற்பட்டோர் கமிஷன் சில நாட்களுக்கு முன்புதான் கூடாதென்று யோசனை சொல்லியிருந்தது. மார்ச்சு 5-ந் தேதி தேர்தல் அறிவிப்பு! ஒரே ஒரு நாள் வித்தியாசம். அந்தச் சர்க்கார் போய் எதிர்க்கட்சி சர்க்கார் வந்தது. வந்தவர்கள் பிடுங்கினார்களா? இல்லை, அதே உத்தரவைக் கோர்ட்டில் ஆதரித்தே வாதாடினார்கள். 2015 மார்ச்சு 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளியது. நடுவிலிருந்த ஒரு வருஷத்தில் அந்த ஜாபிதாவை நம்பி மனுப் பாரத்தில் 'பிற்பட்ட வகுப்பு' என்று எழுதிய வாலிபன், சீட்டுக் கிழிந்த கதையாக நின்றான். அவன் ஆணியும் அடிக்கவில்லை, பிடுங்கவும் இல்லை.

இந்த ஒரு விஷயத்தில் பார்லிமெண்டு பிறகு பேனாவைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டது. 2018-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, மத்திய ஜாபிதாவில் சேர்ப்பதும் நீக்குவதும் பார்லிமெண்டு செய்யும் சட்டத்தினால்தான் ஆகும் என்று ஏற்படுத்தினார்கள். கெஜட்டில் ஒரே நாளில் முடிகிற காரியமாக அது இப்போது இல்லை. ஒரு கதவை மூட முடிகிறதென்றால் மற்றக் கதவுகளையும் மூடலாமல்லவா? 'லோக சபையின் கடைசிக் கூட்டத்துக்குப் பிறகு செய்யப்பட்ட விதி, புதிய சபையின் முன் வைக்கப்பட்ட பிறகே அமலுக்கு வரும்; வெள்ளம், கொள்ளைநோய் போன்ற ஆபத்துக்கு மட்டும் விலக்கு' என்று அந்த வழக்கமான ஷரத்தில் நாலு வார்த்தை சேர்த்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவைப்போல் கத்தி வேண்டாம். கொஞ்சம் காத்திருந்தால் சரி.

சபையே சேர்ந்து அவசரப்பட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கும் உதாரணம் தேட டில்லிக்குப் போக வேண்டியதில்லை. மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலேறினால் சற்று நேரத்தில் கோட்டை. 2021 பிப்ரவரி 26-ந் தேதி மாலை தேர்தல் கமிஷன் தேதிகளை வெளியிட்டது. அன்றைய தினமே நமது சட்டசபை, மிகவும் பிற்பட்டோருக்கான 20 சதவிகிதத்துக்குள் வன்னியருக்கு 10.5 சதவிகிதம் தனியாக ஒதுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் சம்மதமும் அன்றே கிடைத்தது. நவம்பர் முதல் தேதி ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அதைத் தள்ளியது. 2022 மார்ச்சு 31-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் தள்ளியது. சட்டம் செய்யும் அதிகாரம் ராஜ்யத்துக்கு உண்டு என்றுதான் சொன்னார்கள். இவ்வளவு வேண்டும் என்று காட்டுவதற்கு இக்காலத்துக்கு உரிய புள்ளிவிவரம் இல்லை என்றார்கள். புள்ளிவிவரம் திரட்டுவதற்கு அந்தச் சர்க்காருக்கு ஐந்து வருஷம் இருந்தது. சபை கேள்வி கேட்டிருந்தால் அன்றே அது தெரிந்திருக்கும். கோரிக்கை நியாயமானதென்றே வைத்துக்கொண்டாலும், அகாலத்தில் செய்ததால் நஷ்டப்பட்டவர்கள் அந்தச் சமூகத்துப் பிள்ளைகளேயல்லவா?

என் நண்பருக்கு இந்த விஷயத்தில் ஒரு தெய்வம் உண்டு. கோவில் கட்டாத தெய்வம். புனா நகரத்துக் கோகலே ஸ்தாபனத்தில் இருந்த டி. சி. வாத்வா என்னும் பொருளாதார ஆசிரியர், பீகார் கெஜட்டுகளைப் பொறுமையாக உட்கார்ந்து படித்தார். 1967 முதல் 1981 வரையில் 256 ஆர்டினன்ஸுகள், சட்டசபைக்கே போகாமல், திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு, ஒரு வருஷம் முதல் பதினாலு வருஷம் வரையில் உயிரோடு வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். சபை மறுபடி கூடியபின் ஆறு வாரமே ஆயுள் உள்ள பிராணியைப் பதினாலு வருஷம் வளர்த்திருக்கிறார்கள்! கரும்பைப் பற்றிய ஓர் ஆர்டினன்ஸுக்குப் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் ஆயுள். வாத்வா அதைப் புஸ்தகமாக எழுதினார். பிறகு வழக்காகவும் போட்டார். 1986 டிசம்பர் 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த வழக்கத்தை அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடி என்று கண்டித்து, அவருக்குச் செலவுத் தொகையாக 10,000 ரூபாய் கொடுக்கச் சொல்லிற்று.

"ஒரு சட்டசபை முழுவதும் படிக்க வேண்டியதை ஒரு வாத்தியார் படித்தார், ஸார். கூலி பத்தாயிரம்!" என்று சொல்லி நண்பர் கெஜட்டை மடித்து வைத்தார்.

நேற்று அந்தப் பக்கம் போனபோது மாடியில் புதிய குடித்தனம் வந்திருந்தது. சாமான்கள் ஏறிக்கொண்டிருந்தன. மாமி வாசலில் நின்றார்.

"பதினேழு ஆணியையும் பிடுங்கச் சொல்லிவிட்டீர்களா, மாமி?" என்று கேட்டேன்.

"சொன்னேன். வந்தவர் மேலும் கீழும் பார்த்தார். 'இருக்கட்டும் மாமி, காலண்டர் மாட்டச் சௌகரியமாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டார்" என்றார் மாமி.